ஆ காட்டுங்க!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். ஆனா உண்மை அது இல்லை. 2022 அக்டோபர்ல இருந்து எங்க வீட்டு காலண்டர்ல திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் சிவப்புப் பேனாவுல வட்டம் போட்டது. அப்பாவுக்கு டயாலிசிஸ்.

அப்பா இப்ப நல்லா இருக்கார். முதல்லயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் பயந்துகிட்டே படிக்க வேண்டாம். இது சோகப் பதிவும் இல்லை. பல் இடுக்குல சிக்கின பாக்குத் துண்டு மாதிரி ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. அதை எடுத்துப் போட்டுடலாம்னுதான் இது.

விஷயம் பல்லைப் பத்தியேதான். சிரிக்காதீங்க :)

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம். வருஷத்துக்கு 156 தடவை, 624 மணி நேரம். அவ்வளவு நேரமும் ஒரு மனுஷன் ஆஸ்பத்திரிப் படுக்கையில, நர்ஸ், டெக்னீஷியன், டாக்டர்னு எல்லாரும் சுத்தி இருக்க, மல்லாக்கப் படுத்திருக்கார். எடை பார்ப்பாங்க, ரத்த அழுத்தம் பார்ப்பாங்க, மாசா மாசம் ரத்தம் எடுத்து பொட்டாசியம், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின் எல்லாம் பார்ப்பாங்க. காலை அமுக்கி வீக்கம் இருக்கான்னு பார்ப்பாங்க.

பதினாறு மாசத்துல, இருநூறு தடவைக்கு மேல அப்பா அந்தப் படுக்கையில படுத்து எந்திரிச்சிருக்கார். ஒரே ஒரு தடவை கூட யாரும் அவரை "ஆ காட்டுங்க"ன்னு சொல்லலை.

யாரையும் குறை சொல்லலை. நானும் சொல்லலையே.

நான் சொன்னது வேற. டயாலிசிஸ் ஆரம்பிச்ச சில மாசத்துலயே அப்பா பேசும்போது வாயில ஒரு நெடி. அழுகின வாடை இல்லை, கொஞ்சம் அம்மோனியா மாதிரி. சித்தி ஒரு தடவை வந்தவங்க அம்மாகிட்ட ரகசியமா, "அத்தானை ஒழுங்காப் பல் தேய்க்கச் சொல்லுக்கா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அது அப்பா காதுல விழுந்துடுச்சு. அன்னையில இருந்து யார் வந்தாலும் துண்டால வாயைப் பொத்திக்கிட்டுதான் பேசுவார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல தொண்டை கிழியப் பாடம் நடத்தின மனுஷன்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "என்னப்பா, ரெண்டு வேளை தேய்க்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். கேட்டதோட விடாம, சென்னையில இருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல தூத்துக்குடி வரும்போது, வாய் கொப்பளிக்க ஒரு பெரிய பாட்டில் வேற வாங்கிட்டு வந்தேன். நல்லா எரியற ரகம். எரிஞ்சா கிருமி சாகுதுன்னு அர்த்தம்னு என் பொறியியல் மூளைக்கு ஒரு நம்பிக்கை.

பிறகு உட்கார்ந்து படிச்சப்பதான் தெரிஞ்சது. சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய யூரியா ரத்தத்துல தேங்கும்போது எச்சிலிலும் கூடிடும். வாயில இருக்கிற பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கிடும். அந்த நெடிதான் அது. வாயில இரும்பைச் சப்பின மாதிரி ஒரு ருசி இருக்குன்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரே, அதுக்கும் யூரியாவுக்கும் தொடர்பு உண்டு. நாலு வேளை தேய்ச்சாலும் முழுசாப் போகாது. நான் வாங்கிக் கொடுத்த பாட்டில்ல ஆல்கஹால் இருந்தது, அது ஏற்கனவே காய்ஞ்ச வாயை இன்னும் காய வைக்கும். நல்ல புள்ளை நான்.

வாய் காயறதைச் சாதாரணமா நினைக்காதீங்க. அப்பாவுக்கு டாக்டர் கொடுத்த கோட்டா ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, ரசம், மோர், மாத்திரை முழுங்கற தண்ணி எல்லாம் சேர்த்து. தூத்துக்குடி வெயில்ல. தண்ணியும் குறைவு, சாப்பிடற மாத்திரைகள்ல சிலதும் எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லாட்டி பல்லைக் கழுவி விட ஆளில்லை, நாக்குல புண்ணு வரும், சோறு இறங்காது, தாகம் இன்னும் கூடும். தாகம் கூடினா திருட்டுத்தனமா ரெண்டு டம்ளர் உள்ள போகும். அடுத்த டயாலிசிஸ்ல எடை கூடியிருக்கும், மெஷின்ல அதிகமா உறிஞ்சணும், அழுத்தம் சர்ருன்னு இறங்கும், தொடை பிடிச்சு இழுக்கும். வாயில ஆரம்பிச்ச விஷயம் தொடையில வந்து முடியுது.

இதுல இன்னொரு வேடிக்கை. எச்சில்ல யூரியா கூடினா அமிலத்தன்மை குறையும். அதனால சிலருக்குச் சொத்தை கொஞ்சம் குறைவாக்கூட இருக்கும். ஆனா பல்லுல காரை கட்டறது அதிகமாகும். காரை ஈறைத் தள்ளும், ஈறுல ரத்தம் வரும், பல் ஆடும். அப்பாவுக்குப் பதினஞ்சு வருஷமா சர்க்கரை வேற. சர்க்கரையும் ஈறும் ஜென்ம விரோதிங்க. அழுத்தத்துக்குச் சாப்பிடற அம்லோடிபின் மாதிரி மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். ஆக, ஒரு டயாலிசிஸ் நோயாளி வாய்க்கு எதிரா நாலு பக்கமும் ஆள் நிக்குது. அவர் பக்கம் நிக்கத்தான் யாரும் இல்லை.

2023 கடைசியில அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லுல வலி. எங்க யார்கிட்டயும் சொல்லலை. "ஏற்கனவே உங்களுக்கெல்லாம் செலவு, இதுல பல்லு வேறயா"ன்னு நினைச்சாராம். தெருமுனை மருந்துக் கடையில "பல்வலிக்கு ஒண்ணு குடு தம்பி"ன்னு வாங்கிப் போட்டிருக்கார். அஞ்சாறு நாள். டைக்ளோஃபினாக்.

டயாலிசிஸ் செய்யறவங்க எல்லாருக்கும் சிறுநீர் சுத்தமா நின்னுடறதில்லை. அப்பாவுக்கு அப்ப தினம் அரை லிட்டர் போல போயிட்டிருந்தது. அந்த அரை லிட்டர்தான் அவரோட சொத்து. எவ்வளவு போகுதோ அந்த அளவுக்குத் தண்ணி குடிக்கச் சலுகை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் வகையறா வலி மாத்திரைகள் மிச்சமிருக்கிற அந்தச் சிறுநீரக வேலைக்கே உலை வைக்கக் கூடியது. அந்த மாசத்துக்கப்புறம் அப்பாவுக்கு அளவு பாதியாக் குறைஞ்சுது. அந்த மாத்திரையாலதான்னு என்னால நிரூபிக்க முடியாது, நாள் போகப் போக தானாவும் குறையும். ஆனா இன்னைக்கும் அந்தக் கடை வழியா போகும்போது வயித்துல ஏதோ பண்ணும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும்ங்கிற ஒரு வரியை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா...

வலி தாங்காமக் கடைசியில வாயைத் திறந்து சொன்னார். பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். "டயாலிசிஸா? ஐயய்யோ, கிட்னி டாக்டர் லெட்டர் இல்லாம தொட மாட்டேன்". சரி, நியாயம்தான். கிட்னி டாக்டர்கிட்ட போனோம். "பல்லைப் பத்தி நான் என்ன எழுத? என்ன செய்யப் போறார்னு அவர் எழுதிக் கொடுக்கட்டும்". அதுவும் நியாயம்தான். ரெண்டு நியாயத்துக்கும் நடுவுல அப்பா கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

பொட்டி தட்டுற மக்களுக்கு இது நல்லாப் புரியும். ஒரு பிரச்சனையைப் பதிவு பண்ணுவோம். "இது எங்க மாட்யூல் இல்லை"ன்னு ஒரு டீம் அடுத்த டீமுக்குத் தள்ளும். அவங்க "முதல்ல நீங்க பாருங்க"ன்னு திருப்பி அனுப்புவாங்க. யாரும் கெட்டவங்க இல்லை. ரெண்டு பேருமே அவங்கவங்க வேலையை ஒழுங்காச் செய்யறாங்க. நடுவுல இருக்கிற இடத்துக்குச் சொந்தக்காரர் யாருன்னு யாரும் எழுதி வைக்கலை, அவ்வளவுதான். அப்பாவோட வாய் அப்படி ஒரு இடம்.

முடிச்சை அவிழ்த்தது யார் தெரியுமா? டயாலிசிஸ் டெக்னீஷியன் அக்கா. "சார், இன்னைக்கு மெஷின்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போகுது. இன்னைக்கே பல்லைப் பிடுங்கினா ரத்தம் நிக்காது. சில மணி நேரத்துல அது வடிஞ்சிடும். நாளைக்கு, டயாலிசிஸ் இல்லாத நாள் போங்க. உடம்பும் சுத்தமா இருக்கும்". இவ்வளவுதாங்க. இதை ஒரு காகிதத்துல எழுதி டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்தாங்க. செவ்வாய்க்கிழமை பல் வெளியே வந்துடுச்சு.

அன்னைக்கு இன்னொரு கூத்து. பல் மருத்துவமனையில ஒரு பொண்ணு அழுத்தம் பார்க்க அப்பாவோட இடது கையில பட்டையைச் சுத்த ஆரம்பிச்சுது. அந்தக் கையிலதான் ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் இணைச்சு வச்சிருக்கிற இடம், விரல் வச்சா பூனை உறுமற மாதிரி அதிரும். அதுதான் டயாலிசிஸ் நோயாளிக்கு உயிர்நாடி. அதுல பட்டையைக் கட்டி இறுக்கினா அடைச்சுக்கக் கூடும். அப்பா வலியையும் மறந்து, "ஏம்மா, அந்தக் கையைத் தொடாத!"ன்னு வகுப்பறைக் குரல்ல ஒரு சத்தம் போட்டார் பாருங்க, வெளியே உட்கார்ந்திருந்த பத்து பேர் எந்திரிச்சுட்டாங்க. ரொம்ப நாள் கழிச்சு அந்தக் குரலைக் கேட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா பதிவு எழுதியிருக்க மாட்டேன்.

2024 பிப்ரவரியில மாற்றுச் சிறுநீரகத்துக்கான பரிசோதனைகள் ஆரம்பமாச்சு. அம்மா கொடுக்கறாங்க. ரத்த வகை, இதயம், ஸ்கேன் எல்லாம் பொருந்தியாச்சு. கடைசியில ஒரு தாள்ல, "பல் மருத்துவரிடம் சான்று பெறவும்"னு ஒரு வரி. நான் அதை ஏதோ சம்பிரதாயம்னு நினைச்சேன், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மாதிரி.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா, வேர்ல சீழ் கட்டின பல் ரெண்டு, ஆடற பல் நாலு, ஈறு முழுக்கக் காரை. மாற்றுச் சிறுநீரகம் வச்சதும் உடம்பு அதை ஏத்துக்கணும்னு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து கொடுப்பாங்க. அப்ப வேர்ல ஒளிஞ்சிருக்கிற கிருமிக்குக் கொண்டாட்டம். அதனால எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வாங்கன்னுட்டாங்க. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி.

ஆனா சரி பண்ண வாரத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும்? டயாலிசிஸ் நாள் ஆகாது. ஒரு தடவைக்கு ரெண்டு பல்தான். புண் ஆறணும். நடுவுல ஒரு காய்ச்சல். ஒரு தடவை ஹீமோகுளோபின் போதாதுன்னு தள்ளிப் போச்சு. எல்லாம் முடிய அஞ்சு மாசம். அறுபதுக்கு மேல டயாலிசிஸ், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஊசி, 4 மணி நேரம். பல்லால.

அந்த அஞ்சு மாசத்துல அம்மா தினம் கண்ணாடி முன்னாடி நின்னு, "எனக்கு ஏதும் வந்துடக் கூடாது முருகா"ன்னு கும்பிடுவாங்க. கொடுக்கறவங்களுக்கு ஏதாவது வந்தா எல்லாம் போச்சே. அந்தப் பயத்துக்கு எந்த இன்சூரன்ஸ்லயும் பணம் கிடையாது.

மென்பொருள் வெளியிடற அன்னைக்கு ராத்திரி வந்து "இது இல்லாம ஓடாது"ன்னு சொல்ற ஆளை நாம என்ன திட்டு திட்டுவோம்? முதல் வாரமே சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்போமில்ல? அதே கேள்விதான். பதினாறு மாசம், இருநூறு தடவை. முதல் மாசமே ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பார்த்திருந்தா, இதெல்லாம் அப்பவே முடிஞ்சிருக்கும்.

இதையெல்லாம் விட என்னை உறுத்தற விஷயம் வேற. அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில ஒரு அண்ணாச்சி. அறுபது தாண்டினவர், பலசரக்குக் கடை வச்சிருந்தார். இதயம் பலவீனம், கொடுக்கவும் ஆளில்லை, அதனால ஆபரேஷன் கிடையாதுன்னு முடிவாயிடுச்சு. முன்பல் நாலும் ஆடும். ரஸ்க்கைக் காபியில நனைச்சுதான் சாப்பிடுவார். அப்பா தன் கதையைச் சொல்லி, "நீங்களும் ஒரு எட்டு போய்க் காட்டுங்க அண்ணாச்சி"ன்னார்.

அவர் சொன்னது: "எனக்கு எதுக்கு சார் பல்லு? ஆபரேஷனா பண்ணப் போறாங்க?"

அப்பதான் எனக்கு உறைச்சது. எங்க அப்பா வாயையாவது, லேட்டானாலும், ஒரு தாள் திறக்க வச்சது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் போகாதவங்க வாயை யாருமே திறக்கச் சொல்லப் போறதில்லை. டயாலிசிஸ் செய்யறவங்கள்ல பெரும்பாலானவங்க இவங்கதான். பல்லுங்கறது ஆபரேஷன் வாசல்ல காட்டற டிக்கெட் மாதிரி ஆயிடுச்சு. டிக்கெட் இல்லாதவனுக்குப் பல் எதுக்குன்னு அவரே நம்பிட்டார்.

ஆனா பல் தேவைப்படறது அவருக்குத்தான் அதிகம். டயாலிசிஸ் ஆரம்பிச்சவங்களுக்குப் புரதம் நிறைய வேணும், ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 கிராமுக்குக் குறையாம. அதனாலதான் முட்டை வெள்ளைக்கரு சாப்பிடுங்க, மீன் சாப்பிடுங்கன்னு உயிரை எடுக்கறாங்க. மெல்ல முடியாதவர் எங்கே போவார்? ரஸ்க், பிஸ்கட், குழைஞ்ச சோறு. வயிறு நிறையும், உடம்பு கரையும். மாசா மாசம் ரத்தத்துல ஆல்புமின் குறைஞ்சிருக்குன்னு சீட்டு வரும். ஏன் குறையுதுன்னு வாயைத் திறந்து பார்த்தா தெரிஞ்சிடும்.

ஆதாரம் கேட்கற நண்பர்களுக்காக: 2015-ல ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. ஐரோப்பாவிலயும் தென் அமெரிக்காவிலயும் 4,205 டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிச்சாங்க. பல் மொத்தமும் போனவங்க, சொத்தை விழுந்த பல் அதிகம் இருந்தவங்ககிட்ட மரணம் முன்னாடியே வந்திருந்தது. தினம் பல் தேய்ச்சு, வாயைப் பராமரிச்சவங்க கூடுதல் நாள் இருந்தாங்க. இதை வச்சு "பல் தேய்ச்சா ஆயுள் கூடும்"னு சொல்லிட முடியாது. பல்லைப் பார்த்துக்கறவர் மத்ததையும் பார்த்துக்கறவரா இருக்கலாம். 2017-ல ஈறு நோயை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தப்ப சீக்கிர மரணத்தோட தொடர்பு தெரியலை. சரி, இருக்கட்டும். ஆயுள் கூடினாத்தான் பல்லைப் பார்ப்போமா? வலியில்லாம ஒரு தோசை சாப்பிடறதும், துண்டால வாயைப் பொத்தாம மனுஷங்ககிட்ட பேசறதும் போதாதா காரணம்?

புலம்பிட்டு மட்டும் போகக் கூடாதுங்கறதால, என் சிற்றறிவுக்கு எட்டினது:

1. டயாலிசிஸ் ஆரம்பிச்ச முதல் மாசமே ஒரு பல் பரிசோதனை, ஒரு எக்ஸ்ரே. ஆபரேஷன் உண்டோ இல்லையோ, எல்லாருக்கும்.

2. டயாலிசிஸ் ஃபைல்ல எடை, அழுத்தம் எழுதற தாள்ல, "கடைசியாகப் பல் பார்த்த தேதி"ன்னு ஒரு கட்டம். காலியா ஒரு கட்டம் இருந்தா யாராவது ஒருத்தருக்கு உறுத்தும்.

3. பல் டாக்டருக்குக் கொடுக்க ஒரே ஒரு பக்கத் தாள், தயாரா. எந்தெந்த நாள் டயாலிசிஸ், ஹெப்பாரின் உண்டா, ஃபிஸ்டுலா எந்தக் கை, என்னென்ன மாத்திரை, எந்த வலி மாத்திரை கூடாது. எங்களுக்கு அந்த அக்கா எழுதிக் கொடுத்தது நாலு வரிதான்.

4. தமிழ்நாட்டுல பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. மாசம் ஒரு நாள் பயிற்சி மருத்துவர்கள் ரெண்டு பேர் டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கிட்டு டயாலிசிஸ் வார்டைச் சுத்தி வரட்டும். பிடுங்க வேண்டாம், சும்மா பாருங்க. படுத்திருக்கிறவர் 4 மணி நேரம் எங்கேயும் போகப் போறதில்லை.

"உயிருக்கே போராடறாங்க, இதுல பல்லா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் கிடைக்கறதே பெரிய விஷயம்னார். பெரிய விஷயம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா நான் கேட்கறதுக்குப் புது மெஷின் வேண்டாம், புது மருந்து வேண்டாம். எங்களுக்குப் பல்லுக்கு ஆன மொத்தச் செலவு, அந்த அஞ்சு மாசம் டயாலிசிஸுக்குப் போய் வந்த ஆட்டோ செலவை விடக் குறைவு.

2024 செப்டம்பர்ல அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. வாயில அந்த நெடி போயிடுச்சு. துண்டு தோளுக்குத் திரும்பிடுச்சு. அம்மாவும் நல்லா இருக்காங்க, அப்பா ரெண்டு வேளை பல் தேய்க்கறாரான்னு காவல் நிக்கறாங்க.

அண்ணாச்சிக்கு அப்பா இப்பவும் வாராவாரம் செவ்வாய்க்கிழமை போன் போடறார். "இன்னைக்கு மெஷின் இல்லையே, சும்மாதானே இருக்கீங்க, கிளம்புங்க, நானும் வர்றேன்"பார். அந்தப் பக்கம் ஏதாவது ஒரு சாக்கு. போன வாரம் வரைக்கும் போகலை.

உங்க வீட்டுல, தெருவுல, ஆபீஸ்ல யாராவது டயாலிசிஸ்ல இருந்தா ஒரு உதவி பண்ணுங்க. அடுத்த தடவை பார்க்கப் போகும்போது ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வேண்டாம், பாதி அவங்களுக்கு ஆகாது. "வலிக்குதா, மெல்ல முடியுதா, ஆ காட்டுங்க"ன்னு மட்டும் கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். மாத்திரை, மருந்து, பல் பிடுங்கற நாள் எல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுதான் முடிவு பண்ணணும். பின்னூட்டத்துல பல் மருத்துவ நண்பர்கள் யாராவது தப்பு இருந்தா திருத்துங்க, மாத்திக்கறேன்.